சத்தம் முப்பத்திரண்டு

காசில்லாத பஸ் வரும்வரை
கல்மண்டபத்தில் நின்றோம்.
இறால் உரித்த விரல்களை
எலுமிச்சைத் தோலால் இரண்டு முறை தேய்த்திருந்தேன்.
கோர்ட்டுக்கும் மூக்கு உண்டு என்று
காசிமேட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

கூப்பிட்டபோது நான் பிரமிளா இல்லை,
எதிர்மனுதாரர்.
டில்லிபாபு மனுதாரர்.
யுவஸ்ரீ, மைனர்.
"மைனர்னா செயின்தானேம்மா?"
என்று கேட்டாள்.
ஏழு வயது.

இஸ்திரி கலையாத சட்டையில் அவர்.
எண்ணூர் சாலையில், கன்டெய்னர் வரிசையில்,
இரண்டு பகல் ஓர் இரவு
டிரெய்லரை நகர்த்தாமல் உட்காரத் தெரிந்தவர்.
அந்தப் பொறுமை ஒருநாளும்
எங்கள் வாசற்படி ஏறியதில்லை.

அவருடைய வக்கீல் எழுந்தார்.
புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும்,
குழந்தைமேல் ஒரு விரல் பட்டதாக
ஒரு காகிதம் காட்டட்டும் என்றார்.

உண்மைதான். இல்லை.
ஸ்டான்லி ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்று,
மூன்றும் என் பெயரில்.
ஒன்றில், மாடிப்படியில் விழுந்ததாகச்
சொல்கிறார் என்று எழுதியிருக்கும்.
எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.
அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.
இப்போது அது
அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கவுன்சிலர் அறிக்கையில் ஒரு வரி:
தந்தையைக் கண்டதும் குழந்தை சிரித்தது.
சிரித்தாள்.
ராயபுரம் பாலத்தின் மேல்
தோளில் ஏற்றி ரயில் காட்டியவர் அவர்தான்.
கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.
யாரும் கேட்கவில்லை.

பிறகு அவளை மட்டும் உள்ளே அழைத்துப் போனார்கள்.
கதவு சாத்தியது.
பதினெட்டு நிமிடம்
மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும்
தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.
"யார்கூட இருக்கணும்னு கேட்டாங்களா?"
"இல்ல. ராத்திரியில இன்னா பண்ணுவேன்னு கேட்டாங்க."
"இன்னா சொன்ன?"
"டிவி பாப்பேன்னு."
கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியை எண்ணினாள்.
"சவுண்டு எவ்ளோ வைப்பேன்னு கேட்டாங்க.
முப்பத்திரெண்டுன்னேன்.
ஏன்னு கேட்டாங்க, நான் சொல்லல.
அப்புறம் அவங்க கேக்கல.
தண்ணி குடுத்தாங்க."

பஸ் பீச் ஸ்டேஷனைத் தாண்டியது.
அடுப்பு மூலையில் முந்தானையைக் கடித்தபடி
நல்லவேளை, பிள்ளை கார்ட்டூனில் இருக்கிறாள் என்று
எத்தனை ராத்திரி நிம்மதிப்பட்டிருக்கிறேன்.
என் சத்தம் வெளியே வராமல் நான்.
என் சத்தம் உள்ளே வராமல் அவள்.
நடுவில் ஒரு பூனை
எலியைத் துரத்திக்கொண்டே இருந்தது.

உத்தரவு இங்கிலீஷில் வந்தது.
ஜரீனா மேடம் படித்துச் சொன்னார்:
இரவு தங்கல் கிடையாது.
மாதத்தில் முதல் சனி, மூன்றாம் சனி,
பத்து முதல் பன்னிரண்டு,
கோர்ட்டில் குழந்தைகள் அறை,
ஊழியர் கண்முன்னால்.
ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்களாம்.

எனக்கு இங்கிலீஷ் வராது, எண் வரும்.
பதினோரு பக்கமும் தேடினேன்.
முப்பத்திரண்டு எங்கேயும் இல்லை.
வீட்டில் நடந்ததைக் குழந்தை
உணர்ந்தே வளர்ந்திருக்கிறது என்று
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு என்றார் மேடம்.
அதுவாக இருக்கலாம்.

சனிக்கிழமைகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அவர் கட்டைகளை அடுக்குகிறார்,
அவள் சரிசெய்கிறாள்.
குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்.
ஊழியருக்காகவா, அவளுக்காகவா
என்று உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.
ஆறு மாதத்தில் நான்கு போய்விட்டது.

தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை.
இங்கே டிவி ஒன்பதில் ஓடும்.
நேற்று ராத்திரி பக்கத்துப் போர்ஷனில்
ஏதோ தடாலென்று விழுந்தது.
ரிமோட்டை எடுத்தாள்.
பத்து, பதினொன்று,
பதினான்கில் கட்டைவிரல் நின்றது.
காதைச் சாய்த்துக் கேட்டாள்.
"கொடம்" என்றாள், என்னிடம் இல்லை,
தனக்குத்தானே.

ஒன்பதுக்குத் திரும்பவில்லை.
நானும் குறைக்கச் சொல்லவில்லை.
பதினான்கிலேயே
படம் முடியும்வரை பார்த்தோம்.